சித்திரை நட்சத்திரமும் ரோட்ஸ் தீவுக்காரரும்

எல்லாருக்கும் வணக்கம். பழைய கிரேக்கக் கணிதம், வானியல் பத்தி கொஞ்ச நேரம் பேசுங்க சார்னு நிலையத்துல கூப்பிட்டாங்க. தேல்ஸ்ல ஆரம்பிச்சு டாலமி வரைக்கும் பேரா அடுக்கிட்டே போனா ஹாஜர் எடுக்குற மாதிரி ஆயிடும், அதனால ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான் எடுத்துக்கப் போறேன். ஆளு பேரு ஹிப்பார்க்கஸ். நட்சத்திரம் நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான், சித்திரை.

இந்த ஹிப்பார்க்கஸ் பொறந்தது நைசியாங்கற ஊர்ல, இன்னிக்கு துருக்கியில இஸ்னிக்னு சொல்றாங்க. வேலை பாத்தது ரோட்ஸ் தீவுல. காலம்னு பாத்தா கிமு 2ஆம் நூற்றாண்டு. நிறைய எழுதினவரு, ஆனா முழுசா நம்ம கைக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு புக்குதான், அதுவும் வேற ஒருத்தரோட கவிதையில நட்சத்திர விவரம் தப்பா இருக்குன்னு குத்தம் கண்டுபிடிச்சு எழுதினது. மத்ததெல்லாம் போச்சு. கிட்டத்தட்ட 280 வருஷம் கழிச்சு எகிப்துல இருக்குற அலெக்சாண்ட்ரியாவுல டாலமி எழுதின அல்மஜெஸ்ட்ங்கற வானியல் புக்குல "ஹிப்பார்க்கஸ் இப்படிச் சொல்றாரு"ன்னு வர்ற இடங்களை வச்சுதான் இவரைப் பத்தி நமக்கு ஓரளவு தெரியுது.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். சூரியன் வருஷம் பூரா வானத்துல ஒரு பாதையில போகுது இல்லையா, அதுல ரெண்டு இடம் உண்டு, அங்க வரும்போது பகலும் ராத்திரியும் சமமா இருக்கும். ஒண்ணு மார்ச்ல, இன்னொண்ணு செப்டம்பர்ல. அந்த செப்டம்பர் புள்ளிக்குப் பக்கத்துலதான் சித்திரை நட்சத்திரம் இருந்துச்சு. ஹிப்பார்க்கஸ் அளந்தப்போ புள்ளிக்கு மேற்கே 6 டிகிரி. ஆனா அவர் கையில ஒரு பழைய குறிப்பு இருந்துச்சு, அவருக்கு சுமார் 150 வருஷம் முன்னாடி அலெக்சாண்ட்ரியாவுல டிமோகாரிஸ்னு ஒருத்தர் அளந்து வச்சது. அதுல 8 டிகிரின்னு இருக்கு.

2 டிகிரி வித்தியாசம். முழு நிலாவோட அகலம் அரை டிகிரிதான், அப்போ நாலு நிலாவை வரிசையா வச்ச அளவு. நீங்களோ நானோ இருந்தா என்ன சொல்லியிருப்போம்? அந்தக் காலத்து ஆளு ஏதோ தப்பா அளந்துட்டாருன்னு தள்ளிட்டுப் போயிருப்போம். இவரு தள்ளல, பழைய குறிப்பை நம்பினாரு. இன்னிக்குப் பேச்சே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க. அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, வானத்துல ஆணி அடிச்சு வைக்கல. சூரியன் எங்க இருக்குன்னு தேதியை வச்சு கணக்கு போட்றலாம், ஆனா சூரியன் இருக்கும்போது நட்சத்திரம் தெரியாது, நட்சத்திரம் தெரியும்போது சூரியன் இல்ல, அப்புறம் எப்படி ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரத்தை அளக்கறது? அதுக்கு அவரு சந்திர கிரகணத்தைப் பிடிச்சாரு. கிரகணத்தப்போ நிலா சூரியனுக்கு நேர் எதிர்ல நிக்கும், ஒரு டிகிரி கூட பிசகாது. அப்போ நிலாவுல இருந்து நட்சத்திரத்துக்கு எவ்வளவு தூரம்னு அளந்தா போதும். இப்படி அவரு பயன்படுத்தின ஒரு கிரகணம் கிமு 135 மார்ச் மாசம் நடந்தது, மறைஞ்ச நிலா சித்திரை நட்சத்திரத்துக்குப் பக்கத்துலயே நின்னுச்சு. என்ன ஒரு யோகம்!

அளந்து பாத்துட்டு அவரு சொன்னது என்னன்னா, நட்சத்திரங்கள் 100 வருஷத்துக்குக் குறைஞ்சது 1 டிகிரி நகருது. உண்மையான கணக்கு 72 வருஷத்துக்கு 1 டிகிரி, முழு சுத்துக்கு சுமார் 26,000 வருஷம். அவர் கையில இருந்த எண்ணை வகுத்தாலே 75 வந்துரும், ஆனாலும் "குறைஞ்சது"ன்னு ஜாக்கிரதையா நிறுத்திக்கிட்டாரு. பின்னாடி வந்த டாலமி அந்தக் "குறைஞ்சது"ங்கற வார்த்தையை விட்டுட்டு 100ன்னே வச்சுக்கிட்டாரு, அது ரொம்ப நூற்றாண்டுக்குத் தப்பாவே ஓடுச்சு. உண்மையில நகர்றது நட்சத்திரம் இல்ல, பூமியோட அச்சு. பம்பரம் சுத்தும்போது தலை மெதுவா வட்டம் போடும் பாருங்க, அந்த மாதிரி.

இன்னொரு சந்தேகமும் அவருக்கு இருந்துச்சு. எல்லா நட்சத்திரமும் சேர்ந்து நகருதா, இல்ல சூரியன் போற பாதைக்குப் பக்கத்துல இருக்கறது மட்டுமா? தன் ஆயுசுல இதுக்குப் பதில் கிடைக்காதுன்னு அவருக்கே தெரியும், அதனால எந்தெந்த நட்சத்திரம் ஒரே நேர்கோட்டுல நிக்குதுன்னு ஒரு பட்டியல் எழுதி வச்சாரு, பின்னாடி வர்றவன் பாத்துக்கட்டும்னு. டாலமி அதை எடுத்து வச்சு சரிபாத்தாரு, கோடெல்லாம் அப்படியே இருந்துச்சு.

பழைய நோட்டை மதிக்கற குணம் இவருக்கு எல்லா எடத்துலயும் உண்டு. ஒரு சந்திர மாசத்துக்கு 29 நாள், 12 மணி, 44 நிமிஷம், 3 செகண்ட் சொச்சம்னு இவரு வச்சிருந்த கணக்கு இன்னிக்குக் கணக்கோட ஒரு செகண்ட் கூட வித்தியாசப்படாது, ஆனா அது பாபிலோன்காரங்க கணக்கு. களிமண் பலகையில தலைமுறை தலைமுறையா கிரகணம் எழுதி வச்சவங்க, அவங்க பேர்ல பாதி நமக்குத் தெரியாது. வட்டத்துக்கு 360 டிகிரிங்கற பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான்.

கணிதத்துல இவரு போட்டது நாண் அட்டவணை, அதாவது வட்டத்துல ரெண்டு புள்ளியைச் சேர்க்குற நேர்கோடு இன்ன கோணத்துக்கு இவ்வளவு நீளம்னு. முக்கோணவியலே அங்கதான் தொடங்குதுன்னு சொல்லலாம். நாண்னா வில்லுல கட்டுற கயிறு, ஸ்கூல்ல நாமளும் அப்படித்தான் படிச்சோம். இந்தியாவுல அரை நாணை எடுத்துக்கிட்டாங்க, சமஸ்கிருதத்துல ஜ்யா, ஜீவா, அதுவும் வில்கயிறுதான். அது அரபியில ஜீபா ஆகி, உயிரெழுத்து போடாம எழுதினதால ஜைப்னு படிச்சுட்டாங்க. ஜைப்னா சட்டை மடிப்பு, பை. அதை லத்தீன்ல அப்படியே சைனஸ்னு மொழிபெயர்த்தாங்க, அதுதான் சைன். நம்ம ஊர்ல ஜேப்படித் திருடன்னு சொல்றோமே, அந்த ஜேப்பும் இதே சொல்லுதான். பசங்களுக்கு இதைச் சொல்லிட்டா சைன் தீட்டாவைப் பாத்து அப்புறம் அவ்வளவா பயப்பட மாட்டாங்க.

சரி, சித்திரை இப்போ எங்க இருக்கு? அந்த நகர்வுல கிபி 285 வாக்குல புள்ளியைத் தாண்டிருச்சு, இன்னிக்கு கிழக்கே 24 டிகிரி தள்ளி நிக்குது. திருக்கணித பஞ்சாங்கத்துல சித்திர பட்ச அயனாம்சம்னு போட்டிருப்பாங்களே, அந்த 24 டிகிரி சொச்சம் இதுதான். உத்தராயணம் தொடங்குதுன்னு பொங்கலைச் சொல்றோம், ஆனா சூரியன் நெஜமா வடக்கே திரும்புறது டிசம்பர் 21, 22லயே நடந்து முடிஞ்சிடுது. அந்த இடைவெளிக்கும் இதே நகர்வுதான் காரணம்.

கடைசியா ஒண்ணு. எந்த நட்சத்திரம் எங்க இருக்குன்னு இவரு அளந்து எழுதின இன்னொரு பட்டியல் தொலைஞ்சே போச்சுன்னுதான் ரொம்ப காலமா நெனச்சிருந்தாங்க. சினாய் மலை மடத்துல இருந்து வந்த ஒரு தோல் சுவடி, பழைய கிரேக்க எழுத்தைச் சொரண்டிட்டு மேல சிரியாக் மொழியில துறவிகளுக்கான உபதேசம் எழுதியிருக்காங்க. வேற வேற நிற வெளிச்சத்துல ஃபோட்டோ எடுத்துப் பாத்தா அடியில வடமகுடம்ங்கற நட்சத்திரக் கூட்டத்தோட அளவுகள் தெரியுது, 2022ல வெளியிட்டாங்க. எழுதினவர் பேரு அதுல இல்ல. அப்புறம் எப்படி இது ஹிப்பார்க்கஸோடதுன்னு முடிவுக்கு வந்தாங்க? நட்சத்திரம் வருஷத்துக்கு இவ்வளவு நகரும்னு தெரியும் இல்லையா, அதைப் பின்னாடி ஓட்டிப் பாத்திருக்காங்க, அந்த அளவுகள் வந்து உக்காந்த எடம் கிமு 129 வாக்குல, அவரு ரோட்ஸ்ல உக்காந்து வானத்தைப் பாத்துட்டிருந்த அதே காலம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து கை காட்டுறாங்க, நேரம் ஆயிடுச்சு போல. மே மாசக் கடைசியில ராத்திரி ஒம்போது மணி வாக்குல மொட்டை மாடிக்குப் போனீங்கன்னா, சப்தரிஷி மண்டலத்தோட வால் வளையுற போக்குலயே கண்ணை ஓட்டுங்க, முதல்ல ஆரஞ்சு நிறத்துல சுவாதி வரும், அதே வளைவுல இன்னும் கொஞ்சம் தெற்கே போனா வெள்ளையா, லேசா நீலம் கலந்து ஒண்ணு. அதுதான் சித்திரை. வணக்கம்.