கையால் கணக்கிட்ட 39 இலக்கம்

வணக்கம் நேயர்களே. ஓர் எண்ணை வாசிக்கிறேன். எழுதிக்கொள்ள வேண்டாம், நீளத்தை மட்டும் காதில் வாங்குங்கள்: 170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727.

மொத்தம் 39 இலக்கம். 127 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் இது வரும். இது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. 1876-இல் பிரான்சின் எட்வார் லூக்காஸ் கையால் கணக்குப் போட்டு இதை நிறுவினார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் யாருக்கும் தெரியாது.

எப்படி முடிந்தது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால் வர்க்கமூலம் வரை போனால் போதும், சரி. ஆனால் அந்த வர்க்கமூலமே 20 இலக்கம்! நொடிக்கு ஓர் எண் வீதம் பார்த்தாலும் 40,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.

லூக்காஸ் காரணியைத் தேடவே இல்லை. அவர் போட்ட பாதையைப் பின்னாளில் லெஹ்மர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் எளிமையாக்கினார். அதை 31-இல் செய்து பார்ப்போம். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 31. முதலில் 4-ஐ எடுங்கள். வர்க்கம் 16, இரண்டு போக 14. அதன் வர்க்கம் 196, இரண்டு போக 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. எட்டின் வர்க்கம் 64, இரண்டு போக 62. 31-ஆல் வகுத்தால் மீதி பூச்சியம். மூன்றாம் சுற்றில் பூச்சியம் வந்துவிட்டது, ஆகவே 31 பகா எண். இரண்டுகளின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்தால் வருவதுதான் சுற்றுகளின் எண்ணிக்கை: ஐந்துக்கு மூன்று. அந்த 39 இலக்க எண்ணில் 127 இரண்டுகள், ஆகவே 125 சுற்று போதும்!

அப்புறம், மீதி காண்பதிலும் ஓர் அழகு உண்டு. 4837-ஐ 99-ஆல் வகுத்தால் மீதி என்ன? 48-ஐயும் 37-ஐயும் கூட்டுங்கள்: 85. அதுதான் மீதி. 99 முழுக்க ஒன்பதாக இருப்பதால் வந்த வசதி இது. 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதும் இரும எண்முறையில் நம் எண்ணும் அப்படித்தான், 127 ஒன்றுகள் மட்டுமே. வெட்டிக் கூட்டினால் மீதி கைக்கு வந்துவிடும். சதுரங்கப் பலகைபோல் 127-க்கு 127 கட்டம் போட்டு, காய்களை வைத்தே இதைச் செய்ய லூக்காஸ் வழி சொன்னார்.

67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்த எண்ணை, மெர்சென் என்ற துறவி 1644-இல் பகா எண் என்று எழுதியிருந்தார். அது பகா எண் அல்ல என்று லூக்காஸ் காட்டினார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலே. 193707721, 761838257287 என்ற அதன் காரணிகளை 1903-இல்தான் அமெரிக்காவின் ஃபிராங்க் கோல் அறிவித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 3. மூன்று இரண்டுகள் என்றால் 7. ஏழு என்றால் 127. 127 என்றால் நம் எண். எல்லாம் பகா எண்கள். அடுத்ததும் அப்படியா? இன்றுவரை விடை இல்லை. லூக்காஸ் வழியில் சோதிக்கலாம் என்றால், போட வேண்டிய சுற்றுகளின் எண்ணிக்கையே 39 இலக்கம்.