புதுச்சேரியில் எத்தனை பேர்?

அவையோருக்கு வணக்கம்.

புதுச்சேரி மக்கள்தொகை எவ்வளவு என்றால் ஒருவர் 12 லட்சம் என்பார், இன்னொருவர் இரண்டரை லட்சம் என்பார். இருவர் சொல்வதும் சரிதான். 2011 கணக்கெடுப்பில் ஒன்றியப் பிரதேசம் முழுவதற்கும் 12,47,953 பேர். காரைக்கால், மாகி, ஏனாம் போக, புதுச்சேரி மாவட்டம் 9,50,289. புதுச்சேரி நகராட்சி மட்டும் 2,44,377. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களைச் சேர்த்த நகரத்தொகுதி 6,57,209. நகரத்தைப் பற்றிப் பேசுகிறவர் எடுக்க வேண்டியது இந்தக் கடைசி எண்ணை. பெருநகரப் பகுதிக்கு அரசியல் சாசனம் வைத்த அளவு 10 லட்சம். அதை இது எட்டவில்லை. சிக்கல்களுக்கு மட்டும் குறைவில்லை.

2001இல் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகள் இரண்டும் ஏறக்குறைய 2.2 லட்சத்தில் சமமாக நின்றன. பத்தாண்டில் உழவர்கரை 3,00,104 ஆகிவிட்டது. பழைய நகரில் இடமில்லை. வீடு தேடியவர்கள் மேற்கே போனார்கள். வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கம் நகரமாகிவிட்ட இடங்களை இன்னும் கிராமப்புற உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்துதான் பார்க்கிறது. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மை வேலையிலுள்ள ஆண்களில் 75 சதவீதம் விவசாயம் அல்லாத தொழில் என்றால் கணக்கெடுப்பு அதை நகரம் என்னும். ஆனால் அதனாலேயே சாக்கடை போட நகராட்சி வந்துவிடாது.

எல்லை இன்னொரு தலைவலி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முத்தியால்பேட்டை தாண்டிக் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. இன்னும் போனால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. கோட்டக்குப்பத்தார் கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும் இங்கே. அவர்கள் தலைக்கணக்கு விழுப்புரம் மாவட்டத்தில். 6.57 லட்சத்துக்கு என்று குடிநீருக்கோ பேருந்துக்கோ திட்டம் போட்டால் பற்றாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பிறப்பு விகிதத்தில் பலர் சறுக்குகிறார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. திண்டிவனத்துப் பெண் ஜிப்மரில் பிரசவித்தால் குழந்தை இங்கே பதிவாகும். பதிவான பிறப்புகளை அப்படியே உள்ளூர் மக்கள்தொகையால் வகுத்தால் விகிதம் பொய்யாக ஏறும். படிவத்தில் தாயின் வசிப்பிடம் இருக்கிறது. அதை வைத்துப் பிரித்த பிறகே வகுக்க வேண்டும். இறப்புக்கும் இதே கதை.

சமூகங்களைப் பேசும்போதும் பிரதேச சராசரியை நகரத்தின் தலையில் கட்டக் கூடாது. தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 88 சதவீதம் என்பது நான்கு பகுதிகளுக்கும் சேர்த்து. ஏனாமின் தெலுங்கும் மாகியின் மலையாளமும் அதில் கலந்திருக்கின்றன. மதக் கணக்கும் அப்படித்தான், காரைக்காலும் மாகியும் இஸ்லாமியர் விகிதத்தை மாற்றும்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 1881 பிரெஞ்சு ஆணையின்படி, திருமணம், வாரிசுரிமை போன்றவற்றுக்கான தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டவர்களின் வழிவந்தோர், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் வீட்டார், இப்படிப் பல வகை. பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதம் தரப்பட்டது. பாஸ்போர்ட் எதுவானாலும் வழக்கமாக இங்கே குடியிருப்பவர் இங்கேதான் எண்ணப்படுவார். பாரிஸில் வேலை பார்க்கும் மகனை எண்ணக் கூடாது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில், சாதிக் கேள்வியும் சேர்ந்து வரும்போது, களப்பணியாளரிடம் வீட்டுக்காரர் முதலில் சொல்ல வேண்டியது யார் யார் இங்கே தங்கியிருக்கிறார்கள் என்பதை.