கடைத்தேங்காயும் கவுண்டிப் பெயர்களும்

(தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியது. பேச்சில் விட்டுப்போன ஓரிரு வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னும் பேசி எனக்குப் பின்னும் பேசவிருக்கும் செயலாளர் அவர்களே, பல ஆண்டுகளாகக் கணக்கைப் பார்த்தும் ஒரு தடவைகூடப் பொன்னாடை வாங்காத பொருளாளர் ஐயா அவர்களே (இன்றைக்காவது யாராவது போர்த்துங்கள்), தமிழ் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் ஒரு மணி நேரமாக முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் நூலகர் அம்மையார் அவர்களே, பின்வரிசையில் சமோசாவுக்குக் காவல் நிற்கும் இளைஞர்களே, முன்வரிசைச் செல்லங்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். இந்த ஊரில் விட்டுப்போன பெயர்கள் நிறைய. அதைப் பற்றித்தான் பேசவே வந்திருக்கிறேன்.

'நாம் வாழும் மாநிலம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 39 கவுண்டிகள், நம்மூர் மாவட்டம் மாதிரி. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, இந்தக் கவுண்டிகளை யார் பிரித்தார்கள். இரண்டு, யார் பெயர் வைத்தார்கள். மூன்று, கவுண்டித் தலைமையிடம் எந்த ஊருக்கு என்று நடந்த சண்டைகள். மூன்றாவதுதான் இருப்பதிலேயே சுவையானது. அதனால் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

என் ஆத்தா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவார். 'கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதை.' தேங்காய் கடைக்காரனுடையது, புண்ணியம் உடைத்தவனுக்கு. சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இங்கே வந்து இந்த மாநிலத்தின் வரைபடத்தைப் பார்த்தபோதுதான் ஆத்தா எதைச் சொன்னார் என்று உறைத்தது.

1852 டிசம்பர். அப்போது வாஷிங்டன் என்று ஒரு பிரதேசமே இல்லை, எல்லாம் ஓரிகன் பிரதேசம். பிரதேசம் என்றால் இன்னும் மாநிலம் ஆகாத பகுதி. அந்தச் சட்டமன்றம் ஒரே நாளில், டிசம்பர் 22-இல், கிங், பியர்ஸ் என்று இரண்டு கவுண்டிகளை உண்டாக்கியது. யார் இந்த இருவர்? பிராங்க்ளின் பியர்ஸ், முந்தைய மாதம்தான் ஜனாதிபதித் தேர்தலில் வென்றவர். வில்லியம் ரூஃபஸ் கிங், அவரோடு துணை ஜனாதிபதியாக வென்றவர். இருவரும் இன்னும் பதவியேற்கவே இல்லை. நாளைக்குத் தயவு வேண்டுமே, இன்றைக்கே தேங்காயை உடைத்துவிட்டார்கள். தேங்காய் யாருடையது? டுவாமிஷ், புயாலப், நிஸ்குவாலி என்ற பழங்குடி மக்களுடைய மண். அவர்களோடு நில ஒப்பந்தம் எழுதியது எப்போது தெரியுமா? பியர்ஸ் பக்கத்து மண்ணுக்கு மெடிசின் கிரீக் ஒப்பந்தம், 1854 டிசம்பர். நம் கிங் பக்கத்துக்குப் பாயின்ட் எலியட் ஒப்பந்தம், 1855 ஜனவரி. உடைத்து இரண்டு வருஷம் கழித்துத்தான் கடைக்காரனிடம் விலை பேசப் போயிருக்கிறார்கள்!

சரி, பிள்ளையாராவது வரம் கொடுத்தாரா? கிங் காசநோயோடு கியூபாவுக்குப் போய், அங்கேயே பதவிப் பிரமாணம் எடுத்து, அலபாமாவில் தன் தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் கண்ணை மூடினார். 1853 ஏப்ரல் 18. அடிமைகளை வைத்து நடத்திய தோட்டம் அது.

மாநிலத்தின் பெயரே ஒரு கூத்து. இங்கே இருந்தவர்கள் கேட்டது 'கொலம்பியா'. நாட்டின் தலைநகர் இருக்கும் கொலம்பியா மாவட்டத்தோடு குழம்பிவிடும் என்று காங்கிரஸ் மறுத்து, 1853 மார்ச்சில் 'வாஷிங்டன்' என்று வைத்தது. குழப்பம் தீர்ந்ததா? ஊரிலிருந்து என் மச்சான் போனில் பேசும்போதெல்லாம் "வெள்ளை மாளிகை உங்க வீட்டுக்குப் பக்கமா?" என்றுதான் இன்னமும் கேட்கிறார்.

குழந்தைகளுக்கு ஒன்று. எழுத்துப் பிழைக்கு டீச்சர் சிவப்பு மையால் சுழிக்கிறார் என்று வருத்தப்படாதீர்கள். தெற்கே கிளார்க் கவுண்டி, வில்லியம் கிளார்க் என்ற பயணியின் பெயர். 1849-இல் பெயர் வைத்தவர்கள் ஆங்கிலத்தில் கடைசியில் வேண்டாத 'இ' ஒன்றை ஒட்டிவிட்டார்கள். அதைத் திருத்தியது 1925-இல். 76 வருஷம் ஒரு கவுண்டியே தப்பாக எழுதியிருக்கிறது!

இப்போது நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்காத கதை. ஏற்கெனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், செயலாளர் மூன்றாவது தடவை கேட்கிறார். 1855 டிசம்பரில், இங்கே பழங்குடி மக்களோடு நடந்த போரில் ஓர் இளம் ராணுவ அதிகாரி கொல்லப்பட்டார். அவருடைய குடும்பப் பெயர் ஸ்லாட்டர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு, வெட்டு, கசாப்பு. அவர் நினைவாக 1857 ஜனவரியில் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கவுண்டிக்கு ஸ்லாட்டர் கவுண்டி என்று பெயர் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், கடிதத்தில் முகவரி எழுத வேண்டும். 'கசாப்புக் கவுண்டி, வாஷிங்டன் பிரதேசம்.' பெண் கொடுப்பார்களா? ஆறே மாதத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர் இறந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர் வளர்ந்தது. 1891-இல் அது நகராட்சி ஆனபோது மறுபடியும் அதே பெயர், ஸ்லாட்டர். ஊரில் ரயில் நிலையம் உண்டு, தங்கும் விடுதி உண்டு. ஊர்ப் பெயர் ஸ்லாட்டர் என்றால் விடுதிக்கு என்ன பெயர்? ஸ்லாட்டர் ஹவுஸ்! சென்னைக்காரர்கள் சிரிக்கிறீர்கள் பாருங்கள், புரிந்துவிட்டது. ஆடுதொட்டி, ஆடு அறுக்கும் இடம்! ராத்திரி ரயில் வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தில் பெண்டு பிள்ளைகளோடு, பெட்டி படுக்கையோடு இறங்குவார்கள். விடுதி ஆள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு நின்று, "வாங்க, வாங்க, ஆடுதொட்டிக்கு இப்படி வாங்க!" என்று கூவுவானாம். இறங்கிய வேகத்தில் எத்தனை பேர் திரும்ப ஏறினார்களோ! கூவினானோ இல்லையோ, ஊரில் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். இரண்டே வருஷம், 1893-இல் ஊர்ப் பெயரை மாற்றினார்கள். அதுதான் இன்றைய ஆபர்ன். இங்கே பாதிப் பேர் போன வாரம் அங்கே கடைக்குப் போயிருப்பீர்கள்.

சிரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கவுண்டிக்கு மாற்றிய பெயர் கிட்சாப். சுகுவாமிஷ் மக்களின் போர்த்தலைவர் ஒருவரின் பெயர். ஆக, மனம் வைத்தால் 1857-லேயே கடைக்காரன் பெயரைப் போட முடிந்திருக்கிறது. யாகிமா, ஸ்போகேன், ஸ்னோஹோமிஷ், ஸ்காஜிட், வாட்கம் என்று அவர்கள் சொற்கள் பல இன்றும் வரைபடத்தில் நிற்கின்றன. எல்லாம் நின்றதா? சவாமிஷ் என்றொரு கவுண்டி இருந்தது. 1864-இல் அது மேசன் ஆனது, பிரதேசத்தின் முதல் செயலாளர் பெயர். ஷெஹேலிஸ் கவுண்டி 1915-இல் கிரேஸ் ஹார்பர் ஆனது. மறுபடி கடைத்தேங்காய், மறுபடி வேறொரு பிள்ளையார்.

1883-இல் கிழக்கே லிங்கன் கவுண்டியைப் பிரித்தார்கள். அதே மாதத்தில் அதிலிருந்து டக்ளஸ் கவுண்டியை வெட்டினார்கள். லிங்கனோடு ஊர் ஊராக வாதாடிய அதே ஸ்டீபன் டக்ளஸ்தான். பாவம், செத்தும் அன்றைக்குப் பக்கத்து வீடு. ஃபெரி கவுண்டியைப் படகுத்துறை என்று நினைக்காதீர்கள், எலிஷா ஃபெரி என்ற முதல் மாநில ஆளுநரின் பெயர் அது. வேடிக்கை என்னவென்றால் லிங்கனுக்கும் ஃபெரிக்கும் நடுவே ஒரு படகும் ஓடுகிறது, கட்டணம் இல்லை.

நம் கிங் கவுண்டிக்கு வருகிறேன். 1986-இல் கவுண்டி மன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் தீர்மானித்தது: இனி இந்தக் கிங், அடிமைத் தோட்டக்கார கிங் அல்ல, மார்ட்டின் லூதர் கிங். மாநிலச் சட்டம் அதை ஏற்றது 2005-இல். மன்றத்தின் தீர்மானத்துக்கும் மாநிலத்தின் சட்டத்துக்கும் நடுவில் 19 வருஷம்! கிரீடம் போட்ட பழைய சின்னம் போய் 2007-இல் அவர் முகமே சின்னம் ஆனது. அழகான காரியம். ஆனால் பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லையே! நெடுஞ்சாலை எல்லைப் பலகையில் அன்றும் கிங் கவுண்டி, இன்றும் கிங் கவுண்டி. எந்தக் கிங் என்று அது சொல்லாது. போன மாதம் நம் பள்ளி எட்டாம் நிலை மாணவர்களைக் கேட்டேன். ஒரு பெண் சொன்னாள், "இங்கிலாந்து ராஜா, அங்கிள்."

இதற்குத்தான் இரண்டு வருஷமாக அலைகிறேன். வீட்டம்மா உட்பட எல்லோருக்கும் அலுத்துவிட்டது. கேட்பது பெரிதில்லை. ஒவ்வொரு கவுண்டி எல்லையிலும் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு சிறு பலகை. நான்கு வரி போதும். இந்தப் பெயர் யாருடையது, எந்த வருஷம், யார் வைத்தது, அதற்கு முன் இந்த மண்ணை இங்கிருந்தவர்கள் எப்படி அழைத்தார்கள். அந்த நாலாவது வரியைப் பழங்குடி மன்றங்களே எழுதிக் கொடுக்க வேண்டும், நாம் எழுதக் கூடாது. எழுதினால் நாமும் கடைத்தேங்காய் உடைத்தவர்கள் ஆவோம். ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். பலகையில் எழுத்து அதிகமானால் ஓட்டுநர் கவனம் சிதறும் என்று பதில் வந்தது. வண்டியை நிறுத்தும் இடத்தில் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன் ஐயா!

அடுத்த மாதம் கவுண்டி மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் இதைக் கேட்கப் போகிறேன். தனியாகப் போனால் கிறுக்கன் என்பார்கள். பத்துப் பேர் பின்னால் உட்கார்ந்தால் கோரிக்கை என்பார்கள். ஒன்றும் பேச வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும்.

தலைவர் மணியடித்துவிட்டார். மூன்றாவது விஷயம், அந்தத் தலைமையிடச் சண்டை, அடுத்த ஆண்டு கூப்பிட்டால் சொல்கிறேன். கையெழுத்துத் தாள் காபி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நூலகர் அம்மையார் வாசலிலேயே போட்டுவிட்டார், அவர்தான் முதல் கையெழுத்து. பேனா என்னுடையது, தயவுசெய்து திருப்பி வைத்துவிடுங்கள். வணக்கம்.