தெரு ஏறியது, சன்னல் தாழ்ந்தது

அவைத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். வரவேற்புரையில் தம்பி என்னைக் கட்டடக்கலை வல்லுநர் என்றார். நான் மேஸ்திரி மகன், அவ்வளவுதான்.

'வீடும் அந்தரங்கமும்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. திண்ணை, நடை, சன்னல் என்று மூன்றைச் சொல்வேன். "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்றார்கள் பெரியவர்கள். அந்தப் பழமொழி தெரிந்த கொத்தனார்கள் கட்டியவைதான் நம் பழைய வீடுகள். வழிப்போக்கருக்குத் திண்ணை, உறவினருக்குக் கூடம், பெண்களுக்குப் புழக்கடை. அது அந்தரங்கமா, அடைப்பா என்று தலைமையாசிரியை அம்மா கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். வெளிச்சமும் காற்றும் முற்றத்தில் இறங்கின. அதனால் தெருப்பக்கச் சன்னல் சிறியதாக, உயரத்தில் இருந்தாலே போதும்.

பழைய இங்கிலாந்து மாளிகைகளிலோ ஓர் அறைக்குள் புகுந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டியிருந்தது. அறைகளுக்கு நடுவே பொது வழியாக நடை வைத்துக் கட்டுவது 17ஆம் நூற்றாண்டில்தான் அங்கே பரவத் தொடங்கியது. 1650களில் ரோஜர் பிராட் என்ற கட்டடக்கலைஞர் கட்டிய கோல்ஸ்ஹில் மாளிகை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

குடியாத்தத்தில் என் பெரியம்மா வீட்டுச் சன்னல் ஒருகாலத்தில் தெருவில் போகிறவர் தலைக்கு மேலே இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போட்டார்கள். மறுபடியும் போட்டார்கள். சன்னல் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. ஓர் இரவு பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் வளையலை அடகு வைப்பதில் சண்டை. பெரியப்பா ஒரு சேட்டுக் கடையைச் சொன்னார். பெரியம்மா வேண்டாம் என்றார். "அக்கா சொல்வதுதான் சரி. கூட்டுறவு வங்கியில் வட்டி குறைவு" என்று மூன்றாவதாக ஒரு குரல்! பார்த்தால் சன்னலுக்கு வெளியே டீக்கடைக்காரர். கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர், நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். பெரியப்பா அவரைத் திட்டுவதா, எவ்வளவு வட்டி என்று கேட்பதா என்று விழித்தார். கேட்டுவிட்டார்! மறுநாள் பெரியம்மா சன்னலை ஆணியடித்து மூடினார். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஐயா!

இரவில் பக்கம் பார்த்துப் பேசினாலும் பயனில்லை, பக்கமே சன்னலுக்குள் வந்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். மாமன்ற உறுப்பினர் அவர்களே, உங்கள் வார்டில் அடுத்த சாலைக்கு ஒப்பந்தம் கொடுக்கும்போது, அருகிலுள்ள வீட்டு வாசற்படியின் உயரத்தை முதலில் அளக்கச் சொல்லுங்கள்.

தலைவர் மணியடித்துவிட்டார். சுரண்டிவிட்டுச் சாலை போடக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு கதவு எண்ணையும் எழுதுங்கள்.