கரட்டிலிருந்து ஒரு கிரகம்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். சூப்பர் ஹீரோ படங்களில் வரும் வேற்றுக் கிரகங்களைக் கணினியில் உருவாக்குவது என் தொழில். ஊரில் 'கிராபிக்ஸ் செய்கிறவன்' என்பார்கள். அதுவும் சரிதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலைத்தொடர் செய்தேன். ஊதாப் பாறை, ஊசி ஊசியாகச் சிகரங்கள், மேலே மூன்று நிலா. திரையில் பார்த்தால் கொலுப்படியில் வைத்த பொம்மை மலை! மூத்தவர் ஒருவர், "மலை இருக்கிறது, காற்று எங்கே?" என்றார். பேரூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி நினைவுக்கு வந்தது. கிட்டத்துக் குன்று பச்சை, அதற்குப் பின்னால் நீலம், அதற்கும் அப்பால் மேற்கு மலை வானத்தோடு கரைந்த வெறும் கோடு. இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள், "இன்றைக்கு மலை கிட்டே வந்துவிட்டது" என்பார் அப்பிச்சி. மலைக்கு மலை மங்கல் சேர்த்தேன். பொம்மை போய் மலை வந்தது. அதிலிருந்து எந்தக் கிரகமானாலும் முதலில் அதன் காற்றைத்தான் முடிவு செய்கிறேன். செவ்வாயில் நுண்தூசியால் பகல் வானம் பழுப்பு, அந்திச் சூரியனைச் சுற்றி நீலம். நம் ஊருக்கு நேர் எதிர்.

ஒரு நொடிப் படத்துக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஒரு ஃபிரேம் உருவாக 5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 3 நொடிக் காட்சிக்கு ஒரே கணினி 15 நாள் ஓட வேண்டும். அதனால் நூற்றுக்கணக்கில் கணினிகளை இணைத்து 'ரெண்டர் ஃபார்ம்' வைத்திருப்பார்கள். பல்லடத்துப் பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எத்தனை ஆயிரம் கோழி?" என்று கேட்டார்.

பாறைக்கு மட்டும் கற்பனை போதாது. 2013இல் வந்த 'தோர்: தி டார்க் வேர்ல்ட்' படத்தின் இருண்ட உலகத்துக்காக ஐஸ்லாந்துக்கே போய்ப் படம் பிடித்தார்கள். எனக்கு அவ்வளவு வசதி இல்லை. சென்னிமலைப் பக்கம் ஒரு கரட்டுக்கு, அதாவது பாறைக் குன்றுக்கு, போனேன். ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் படம் எடுத்தால், கணினி அவற்றைக் கோத்து அந்தப் பாறையையே முப்பரிமாணத்தில் தந்துவிடும்.

ஆடு மேய்த்த பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, குவாரிக்கு அளக்கிறீர்களா?" என்றார்.

"இல்லைங்கய்யா. சினிமாவில் வேறொரு கிரகத்துக்கு இந்தப் பாறை வேண்டும்."

"அங்கே மழை உண்டுங்களா?"

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். இரவு கணினியில் பாறையைத் திறந்தால், உச்சியிலிருந்து அடிவரை மழைநீர் வழிந்த கருங்கோடுகள். கதைப்படி அது மழையே காணாத கிரகம். அந்தக் கோடுகளை அழிக்க இரண்டு நாள் பிடித்தது.