ஜூலை 9 இல்லை, ஜூலை 14

(ஊர் வாசிகசாலையில கதைச்சது. கேட்ட ஆக்கள் எழுத்தில தரச்சொன்னபடியால் பேசின மாதிரியே போடுறன், பெரிசாத் திருத்தேல்ல.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரையுது, பின்னால இருக்கிற ஆக்களுக்குக் கேக்குதோ? சரி.

ஒரு கேள்வி கேக்கிறன். ஜனாதிபதிப் பதவியில இருந்து கோட்டாபய ராஜபக்ச எண்டைக்கு ராஜினாமா செய்தவர்?

2022 ஜூலை 9 எண்டு நாலைஞ்சு பேர் சொல்லியாச்சு. எங்க கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும், ஏனெண்டால் எங்கட கண்ணுக்குள்ள நிக்கிற படமெல்லாம் அண்டையப் படம், ஜனாதிபதி மாளிகையின்ர நீச்சல் தடாகத்துக்குள்ள பெடியள் குதிக்கிறது, கட்டில்ல ஏறிப் படுத்து செல்ஃபி எடுக்கிறது, ஜிம்முக்குள்ள போய் மெஷினில ஓடுறது. அண்டைக்கு அந்தாள் மாளிகையை விட்டு ஓடினது உண்மை. ஆனா பதவியை விடேல்ல. பதவியை விட்டது 14ஆம் திகதி வியாழக்கிழமை, அதுவும் சிங்கப்பூரில போய் இறங்கின பிறகு, இமெயில்ல.

நடுவில கிடக்கிற அந்த அஞ்சு நாளைப் பற்றித்தான் நான் இண்டைக்குக் கதைக்கப்போறன். சனம் வெண்டது என்ன, வெண்டதெண்டு நினைச்சுக்கொண்டு விட்டது என்ன எண்டது அதுக்குள்ளதான் முடிவாச்சுது.

முதல்ல கொஞ்சம் பின்னால போவம். 2019 நவம்பர் தேர்தல்ல அவருக்கு 69 லட்சம் வாக்கு, 52 வீதத்துக்கு மேல. யாழ்ப்பாண மாவட்டத்தில சஜித் பிரேமதாசாவுக்கு நூற்றுக்கு எண்பதுக்கு மேல விழுந்தது, அது சஜித்தில எங்களுக்கு இருந்த காதல் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். 2005ல இருந்து 2015 மட்டும் பாதுகாப்புச் செயலாளரா இருந்த ஆளை இங்க ஒருத்தரும் மறக்கேல்ல. பதவிப்பிரமாணம் எங்க எடுத்தவர்? அநுராதபுரத்தில, ருவன்வெலிசாயவுக்கு முன்னால. தமிழ் மன்னன் எல்லாளனை வெண்ட சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டத் தொடங்கின தாதுகோபம். சிங்கள மக்களின்ர வாக்காலயே வெல்லலாம் எண்டு தனக்குத் தெரியும், தமிழ் முஸ்லிம் ஆக்களையும் சேரச்சொல்லிக் கேட்டும் நினைச்ச அளவுக்கு வரேல்ல எண்ட மாதிரி அங்க நிண்டு பேசினவர். ஒளிச்சு மறைச்சு ஒண்டுமில்லை, முதல் நாளே சொல்லிப்போட்டார்.

பேந்து நடந்ததை நான் வேகமாச் சொல்லிப்போட்டுப் போறன், பொருளாதாரப் பாடம் எடுக்க இங்க வரேல்ல. வந்த உடனேயே வற் வரியை 15 வீதத்தில இருந்து 8க்கு இறக்கினது, 2020ல அரசியலமைப்பில 20ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்து அதிகாரம் எல்லாத்தையும் தன்ர கைக்குள்ள எடுத்தது, 2021ல ஒரே இரவில இரசாயன உரத்தைத் தடைசெய்து ஆறேழு மாசத்தில விவசாயி கத்தக் கத்தத் திருப்பி எடுத்தது, கையிருப்பு டொலர் கரைய 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது எண்டு அறிவிச்சது. நாட்டின்ர மொத்த வெளிநாட்டுக் கடன் அப்ப 51 பில்லியன் டொலர். ஜூன் மாசம் கொழும்பில பணவீக்கம் 54 வீதத்தைத் தாண்டினது, பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அந்த விலைக்கும் பெற்றோல் இல்லை.

லைன் எப்பிடி இருந்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கட சந்தி பெற்றோல் ஷெட்டில மண்ணெண்ணெய்க் கானுகளைக் கயிறு போட்டு ஒண்டோட ஒண்டு கட்டி வைச்சிருப்பினம், கான் இல்லாத ஆக்கள் செருப்பை விட்டிட்டுப் போவினம், ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும், செருப்பு நிக்கும். குருநகர்ப் பக்கம் போட் எல்லாம் கரையில கிடந்தது, கடலுக்குப் போக மண்ணெண்ணெய் இல்லை. ஒரு விஷயம் சிரிச்சுக்கொண்டுதான் சொல்லவேணும், தெற்கில சனம் பதறின அளவுக்கு எங்கட கிழடு கட்டையள் பதறேல்ல, தொண்ணூறில பொருளாதாரத் தடைக்குள்ள ஜாம் போத்தில் விளக்கில சொட்டு எண்ணெய் விட்டுப் படிப்பிச்ச ஆக்கள் அதுகள். 'உங்களுக்கு இப்பதான் தெரியுதோ' எண்ட ஒரு பார்வை இருந்தது. அந்தப் பார்வையில நியாயமும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

சரி, ஜூலை 9. சனிக்கிழமை. முதல் நாள் இரவு பொலிஸ் ஊரடங்கு போட்டு, சட்டத்தரணிகள் சங்கம் சட்டவிரோதம் எண்டு கத்தினவுடன காலமை எடுத்துப்போட்டினம். சனம் ரெயிலை விடச்சொல்லி ஸ்டேஷன் மாஸ்டரோட சண்டைபிடிச்சு ஏறி வந்தது. மத்தியானத்துக்குள்ள மாளிகை சனத்தின்ர கையில. அங்க கண்டெடுத்த ஒரு கோடி 78 லட்சம் ரூபாவை அந்தப் பெடியள் எண்ணிப் பொலிசிட்டக் குடுத்தவை எண்டதை நான் எப்பவும் சொல்லுவன், ஏனெண்டால் 'கொள்ளைக்காரக் கூட்டம்' எண்டு பிறகு சொன்ன ஆக்கள் இதைச் சொல்லமாட்டினம். அண்டைக்கு இரவு சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்தன சொல்லுறார், ஜனாதிபதி 13ஆம் திகதி பதவி விலகுவாராம். வெடி கொளுத்தினவை. எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சவை.

இங்கதான் கவனமாக் கேளுங்கோ. ஏன் 13? விலகிற ஆள் அண்டைக்கே ஒரு பேப்பரில எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுக்கலாம்தானே. அரசியலமைப்பின்ர 38ஆம் உறுப்புரையில இருக்கிறது அவ்வளவுதான், சபாநாயகருக்குத் தான் கையெழுத்து வைச்ச கடிதம் ஒண்டு. ஆனா இன்னொரு உறுப்புரையும் இருக்கு, 35. பதவியில இருக்கு மட்டும் ஜனாதிபதி மேல வழக்குப் போடேலாது. கையெழுத்து வைச்ச அந்த நிமிசமே அவர் நுகேகொடை மிரிகானையில வீடு வைச்சிருக்கிற ஒரு சாதாரண ஆள், பிடிச்சு உள்ளுக்க போடலாம். அதால அவருக்குக் கடிதத்தை விட முக்கியமா இருந்தது பிளேன்.

பிளேன் லேசில கிடைக்கேல்ல. தம்பி பசில் கட்டுநாயக்காவுக்குப் போய் அதிகாரிகளும் பயணிகளும் எதிர்க்கத் திரும்பி வந்தவர். கடைசியில 13ஆம் திகதி விடியப்புறம் விமானப்படையின்ர அன்ரனோவ் 32இல மனுசியோடயும் ரெண்டு மெய்க்காவலரோடயும் மாலைதீவு. ஜனாதிபதிக்கு உள்ள அதிகாரத்தின்படி, அரசாங்கம் கேட்டதால பிளேன் குடுத்தம் எண்டு விமானப்படை அறிக்கை விட்டது. விளங்குதோ? ராஜினாமா செய்யாமல் வைச்சிருந்த அந்தப் பதவிதான் அவருக்கு டிக்கெட்.

சொன்ன 13ஆம் திகதி கடிதம் வரேல்ல. வந்தது வேறொண்டு. தான் நாட்டில இல்லாதபடியால் 37ஆம் உறுப்புரையின்படி பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைப் பதில் ஜனாதிபதியா நியமிச்சிருக்கிறன் எண்டு. ரணில் ஆர்? 2020 தேர்தல்ல கொழும்பில தன்ர ஆசனத்தையே இழந்து, கட்சி முழுக்க ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்தோட நிண்டு, மே மாசம் கோட்டாபயவால பிரதமராக்கப்பட்ட ஆள். அதோட 9ஆம் திகதி இரவு அவற்ற வீட்டையும் எரிச்சிருந்தவை. 'ரெண்டு பேரும் போங்கோ' எண்டு சனம் கேட்டது, ஒருத்தர் போகேக்க மற்றவரை இருத்திப்போட்டுப் போறார். பிரதமர் அலுவலகத்தை நோக்கிச் சனம் போச்சுது, கண்ணீர்ப்புகை அடிச்சவை, ஒரு உயிரும் போச்சுது.

14ஆம் திகதி மாலைதீவில இருந்து சவூதியா விமானத்தில சிங்கப்பூர். அவர் அடைக்கலம் கேக்கவும் இல்லை, நாங்கள் குடுக்கவும் இல்லை, இது தனிப்பட்ட பயணம் எண்டு சிங்கப்பூர்க்காரர் சொன்னவை. இறங்கின பிறகுதான் மெயில். எக்ஸிகியூட்டிவ் ஜனாதிபதி முறை வந்த 1978ல இருந்து பதவிக்காலத்துக்கு நடுவில ராஜினாமா செய்த முதல் ஆள், அதுவும் இப்பிடி. சரிபார்த்து, சபாநாயகர் அறிவிச்சது அடுத்த நாள் காலமை.

மெயில் வந்த 14ஆம் திகதி பின்னேரம் நான் ஷெட் லைனில. கொழும்பில ஊரடங்குக்குள்ளயும், போராட்டக்காரர் கூடாரம் அடிச்சிருந்த காலிமுகத்திடலில ஆடிப்பாடினவை எண்டு பிறகு பாத்தன், இங்க ஒரு சத்தமும் இல்லை. போனை நோண்டிக்கொண்டு நிண்ட பெடியன் ஒருத்தன் 'அனுப்பிட்டாராம்' எண்டு சொல்ல எனக்கு முன்னால நிண்ட அம்மா திரும்பிக் கேட்டவ, 'ஆர் தம்பி, என்ன அனுப்பினவர்?' 'கோட்டா ராஜினாமா அனுப்பிட்டாராம் அம்மா.' மனுசி கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு, 'அப்ப நாளைக்கு எண்ணெய் வருமோ?' எண்டா. லைனில நிண்ட எல்லாரும் சிரிச்சம். அவ சிரிக்கேல்ல, உண்மையாத்தான் கேட்டவ.

கடிதத்தை 16ஆம் திகதி பாராளுமன்றத்தில செயலாளர் நாயகம் வாசிச்சவர். தான் பதவிக்கு வந்து மூண்டு மாசத்துக்குள்ள கொரோனா வந்ததாம், பொருளாதாரம் தனக்கு முதலே சீரழிஞ்சு கிடந்ததாம், சனத்தைக் காப்பாத்தினதில தனக்குத் திருப்தியாம், தாய்நாட்டுக்கு ஏலுமானளவு சேவை செய்தவராம், இனியும் செய்வாராம். உரம் இல்லை, வரி இல்லை, லைனில நிண்டு செத்த ஆக்கள் இல்லை.

எங்கட கணக்கு அதில வரும் எண்டு ஒருத்தரும் எதிர்பாக்கேல்லத்தான். ஆனா நான் சொல்லாமல் விடமாட்டன். 2000ஆம் ஆண்டு டிசம்பரில மிருசுவிலில தங்கட காணியைப் பாக்கப் போன சனத்தில எட்டுப் பேர், அதில ஒரு அஞ்சு வயசுப் பிள்ளை, கழுத்தறுத்துப் புதைச்சது. இந்த நாட்டில அப்பிடியான வழக்கு தீர்ப்பு மட்டும் போறதே அபூர்வம், அது போச்சுது, சுனில் ரத்நாயக்க எண்ட படைச் சார்ஜன்ற்றுக்கு 2015ல மரண தண்டனை, 2019ல உயர் நீதிமன்றமும் உறுதிப்படுத்தினது. 2020 மார்ச்சில நாடு கொரோனாவால பூட்டிக்கிடக்கேக்க கோட்டாபய பொது மன்னிப்புக் குடுத்து வெளியில விட்டவர். அதே வருசம் ஜனவரியில காணாமல் ஆக்கப்பட்ட ஆக்கள் செத்துப்போச்சினம் எண்டு ஐநா அதிகாரிக்குச் சொன்னவர், 2017ல இருந்து கிளிநொச்சி ரோட்டுக்கரையில குந்தியிருந்த தாய்மாருக்கு ஒரு சொல் சொல்லாமல். கொரோனாவில செத்த முஸ்லிம் ஆக்களின்ர உடம்புகளைக் குடும்பம் அழ அழ எரிச்சது, இருபது நாள் பச்சைக் குழந்தையைக் கூட. இதில ஒண்டுக்காக அந்த 69 லட்சம் கோவிச்சதோ? இல்லை. காஸ் வராமல் விட்டவுடன கோவம் வந்தது.

இப்பிடிச் சொன்னால் சில ஆக்கள் எனக்கு அடிக்க வருவினம், 'போராடின பெடியளைக் கொச்சைப்படுத்தாத' எண்டு. கொச்சைப்படுத்தேல்ல. அதே காலிமுகத்திடலில அந்த வருசம் மே 18 முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்தவை, சிங்களப் பெடியளும் வாங்கிக் குடிச்சவை. கொழும்பில, ஜனாதிபதிச் செயலகத்துக்கு முன்னால, அந்தத் திகதியில! ஒரு வருசத்துக்கு முதல் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டன். அந்தப் பிள்ளையளுக்கு விளங்கத் தொடங்கினது. ஆனா விளங்கின ஆக்கள் கொஞ்சம், கோவிச்ச ஆக்கள் கனக்க. கோவம் இமெயிலோட ஆறிப்போச்சுது.

பிறகு நடந்தது எல்லாம் மளமளவெண்டு. 15ஆம் திகதி ரணில் சத்தியப்பிரமாணம் எடுத்து, இனி ஜனாதிபதியை 'அதிமேதகு' எண்டு சொல்லத் தேவையில்லை, ஜனாதிபதிக் கொடியும் வேண்டாம் எண்டு பெரிய மனசு காட்டினவர். 20ஆம் திகதி பாராளுமன்ற வாக்கெடுப்பு. 1993ல பிரேமதாசா கொல்லப்பட்ட நேரம் டி.பி. விஜேதுங்கவைப் போட்டியில்லாமல் தெரிஞ்சவை, இந்த முறை போட்டி, ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமாவுக்கு 82, அநுரகுமாரவுக்கு 3. அந்த 134இல பெரும்பங்கு ராஜபக்சாக்களின்ர மொட்டுக் கட்சி வாக்கு. 22ஆம் திகதி விடியமுதல் ஆமியும் பொலிசும் காலிமுகத்திடலுக்குள்ள இறங்கி அடிச்சுக் கூடாரங்களைப் பிடுங்கினது, வெளியேறுறம் எண்டு சொன்ன பெடியளை.

செப்டம்பர் 2, ஆள் திரும்பி வந்தாச்சு. விமான நிலையத்தில மாலையோட நிண்டவை, அமைச்சர்மாரும் நிண்டவை. 2023 நவம்பரில உயர் நீதிமன்றம் கோட்டாபய, அண்ணன் மகிந்த ராஜபக்ச, தம்பி பசில், ரெண்டு முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்மார் எல்லாரும் பொருளாதாரத்தைச் சீரழிச்சு மக்கள் நம்பிக்கையை மீறினவை எண்டு தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு, நான் மெச்சுறன். ஆனா மறியல் இல்லை, பதவியும் எப்பவோ விட்டாச்சு. பிறகு ஆள் புத்தகமும் எழுதிப்போட்டார், எல்லாம் வெளிநாட்டுச் சதியாம்.

எனக்கு நேரம் முடிஞ்சுதாம், தலைவர் மணிக்கூட்டைக் காட்டுறார். ராஜினாமாக் கடிதத்தை முழுசா வாசிக்க விருப்பமான ஆக்கள், அது சபையில வாசிச்சதாலை பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில கிடக்கும், ரெண்டு நிமிச வாசிப்புத்தான். கேள்வி இருக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ, முன்னுக்கு இருக்கிற அந்தத் தங்கச்சி வந்த நேரம் தொட்டு ஏதோ கேக்கத் துடிக்கிறா, அவவிட்ட இருந்து தொடங்குவம்.