பத்தடி உயரத்தில் ஒரு வளையம்

நேயர்களுக்கு வணக்கம்.

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர், அதாவது பத்தடி உயரத்தில் இருக்க வேண்டும். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் பழக்கூடைகளை அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி பத்தடியில் இருந்தது, உயரம் இன்றும் அதேதான். நம் வீட்டுப் பின்புறத்திலும் மரத்தூண் நிறுத்தி அப்படி ஒரு வளையம் மாட்டலாம். பிள்ளைகள் சாயங்காலம் பந்தோடு வெளியே ஓடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஜூனில் நனைந்த மரம் நன்றாகக் காய்வதற்குள் அக்டோபர் மழை வந்துவிடும். மண்ணில் நட்ட மரம் முதலில் எங்கே கெடும் தெரியுமா? ஆழத்தில் இல்லை. தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் இடத்தில்தான். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான். பழைய வேலிக்கால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். அடிமுனை கெட்டியாக இருக்கும், தரைமட்டத்தில் விரலால் குத்தினாலே உதிரும். கரையானும் மண்ணிலிருந்து நேராக மரத்துக்கு ஏறிவிடும்.

அதனால் மரத்தை மண்ணில் இறக்காதீர்கள், கான்கிரீட்டிலும் புதைக்காதீர்கள். கான்கிரீட் மரத்தைச் சுற்றித் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, ஆறடி நீளத்தில் இரண்டு இரும்புச் சேனல், அதாவது ‘ப’ வடிவில் மடித்த கம்பி, வாங்குங்கள். மூன்றடி கான்கிரீட்டுக்குள், மூன்றடி வெளியே. நடுவில் ஐந்து அங்குலச் சதுரத் தூணை நிறுத்தி, இரண்டு பக்கமும் சேனல் அணைத்திருக்க, குறுக்கே மூன்று போல்ட் போட்டு முறுக்குங்கள். தூணின் அடி கான்கிரீட்டுக்கு மேலே மூன்று விரல் அளவு தள்ளி நிற்கட்டும். கான்கிரீட்டின் மேற்பரப்பைச் சாய்வாகத் தேய்த்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். கான்கிரீட்டை ஒரு வாரம் நனைத்துவிட்டு அப்புறம் தூணை ஏற்றுங்கள். தூணின் உச்சிக்கு ஒரு தகரத் தொப்பி அவசியம், வெட்டுமுகம்தான் மழையை அதிகம் குடிக்கும்.

மரம்? விலை குறைவு என்று ரப்பரை எடுக்காதீர்கள். மாவுச்சத்து நிறைந்த மரம், வெளியில் போட்டால் வண்டும் பூஞ்சையும் விடாது. அயினி நல்லது, வள்ளம் கட்டிய மரம் அது. தேக்கு கிடைத்தால் இன்னும் நிம்மதி. எதுவானாலும் காய்ந்த மரமா, வெளிப்புற வெள்ளை நீங்கிய உள்மரமான வைரமா என்று ஆசாரியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

வளையத்துக்குப் பின்னால் நிற்கும் பலகைக்கு 19 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், அதாவது ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை, போதும். போட்டிப் பலகை 1.80 மீட்டர் அகலம். வீட்டுக்கு நாலடிக்கு மூன்றடி தாராளம். பெரிதாக்கினால் காற்று பிடிக்கும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று பார்த்தவர்கள் நாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

பலகையைத் தூணிலேயே அறையாதீர்கள். தூணிலிருந்து இரண்டடியாவது முன்னால் தள்ளி, சாய்வு முட்டுக் கொடுத்த இரட்டைக் கைகளில் மாட்டுங்கள். இல்லையென்றால் ஓடிவந்து பந்து போடும் பிள்ளை தூணில் மோதும். வளையத்தின் போல்ட் பிளைவுட்டோடு நின்றுவிடக் கூடாது, பின்னால் உள்ள சட்டத்தையும் ஊடுருவ வேண்டும். ஆணி வேண்டவே வேண்டாம், பந்து அடிக்க அடிக்கக் கழன்றுவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கைகளை மாட்டத் தூணில் துளை போடும்போதே, ஒன்றரை அடி கீழே இன்னொரு வரிசையும் போட்டு வையுங்கள். சிறுவர்களின் மினி கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டர், ஏறக்குறைய எட்டரை அடிதான். பந்தும் ஐந்தாம் எண் பந்து. முதலில் கீழ் வரிசையில் மாட்டுங்கள், பிள்ளை பன்னிரண்டு வயதைத் தாண்டியதும் மேலே ஏற்றிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.